மோட்டார் செய்யும் ஜில்லாவில் பந்தயச் சாரதிகள் எங்கே?

சென்னையிலிருந்து மாமல்லபுரம் செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் விடுமுறை நாட்களின் விடியற்காலையில் பிரயாணம் செய்கிறவர்கள் யாவரும் அறிந்த விஷயம் ஒன்று உண்டு. முட்டுக்காட்டுப் பாலத்தைத் தாண்டியதும், மீசை அரும்பாத வாலிபர்கள் மோட்டார் சைக்கிள்களின் மேல் குப்புறப் படுத்தவண்ணம், லாரிகளுக்கும் பஸ்களுக்கும் இடையே புகுந்து, ஒருவரையொருவர் முந்திக்கொண்டு பறக்கிறார்கள். போலீஸார் அவ்வப்போது வழிமறித்து வண்டிகளைக் கைப்பற்றுகிறார்கள். பெற்றோர் ஸ்டேஷனுக்கு ஓடிவந்து மன்றாடுகிறார்கள். சில வீட்டாருக்கு மன்றாடுவதற்கும் வழியில்லாமற் போய்விடுகிறது. மறுநாள் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தி வருகிறது. அடுத்த வாரம் வேறு வாலிபர்கள் அதே சாலையில் பறக்கிறார்கள்.

சட்டம் கடுமையாகவே இருக்கிறது. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, 18 வயது நிரம்பாத சிறுவன் வண்டியோட்டிக் குற்றம் புரிந்தால் அவனுடைய காப்பாளரோ வண்டியின் சொந்தக்காரரோ 3 வருஷம் வரையில் சிறைவாசத்துக்கும், 25,000 ரூபாய் அபராதத்துக்கும் உள்ளாவார். வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்தாகும். சிறுவனுக்கு 25 வயது வரையில் லைசென்ஸ் கிடையாது. இதை நாம் ஆட்சேபிக்கவில்லை. நடந்து போகிறவனுக்கும் மீன்கூடை சுமந்து போகிறவளுக்கும் சாலையில் உள்ள பாத்தியதை, வேகப் பித்துக்கொண்ட வாலிபனுக்கு உள்ளதைவிடச் சிறிதும் குறைந்ததன்று. ஆயினும், வேகத்தில் ஆசை கொண்ட இந்தச் சிறுவர்களில் பத்துப் பேருக்காவது கண்ணும் கையும் உண்மையிலேயே தேர்ந்தவையாக இருக்கக்கூடும் அல்லவா? அவர்களைக் கண்டெடுத்து, முறையாகப் பழக்கி, தேசத்துக்குப் பெயர் வாங்கித் தரும் சாரதிகளாக ஆக்குவதற்கு நம்மிடம் என்ன ஏற்பாடு இருக்கிறது?

இந்தக் கேள்வியைச் செங்கற்பட்டை முன்னிட்டு நாம் எழுப்புவதற்குக் காரணம் உண்டு. இன்று செங்கற்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று மூன்றாக நிற்கும் பிரதேசம் 1997 வரையில் ஒரே ஜில்லாவாக இருந்தது. இந்திய மோட்டார் பந்தயத்தின் சரித்திரத்தில் பெரும்பகுதி அந்தப் பழைய ஜில்லாவின் எல்லைக்குள் நடந்ததாகும். வடக்கே சோழவரத்தில், இரண்டாவது உலக யுத்தத்துக்காகப் போடப்பட்ட விமானத் தளம் யுத்தம் முடிந்தபின் வெறுமனே கிடந்தது. 1953-ல் ஸ்தாபிதமான சென்னை மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் அங்கே பந்தயங்களை நடத்தினார்கள். கொண்டல் மகாராஜாவைப் போன்ற சமஸ்தானாதிபதிகளும், கோயம்புத்தூர் ஆலை முதலாளிகளின் வீட்டுப் பிள்ளைகளும், விஜய் மல்லையாவைப் போன்ற சீமான்களும் அங்கே வண்டி ஓட்டினார்கள். சாமானிய ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு வெயிலில் நின்று பார்த்தார்கள். ஓட்டுகிறவன் பணக்காரன், பார்க்கிறவன் ஏழை என்னும் ஏற்பாடு அன்றே ஸ்திரப்பட்டுவிட்டது.

பின்னர், கிளப் அங்கத்தினர்களின் முயற்சியால் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் நிரந்தரமான ஓடுதளம் அமைந்து, 1990-ல் திறக்கப்பட்டது. 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 திருப்பங்களும் உடையது. இப்போது அதற்குச் சென்னை சர்வதேச ஓடுதளம் என்று பெயர். இந்தத் தளத்தின் தரத்தைப் பற்றி நாம் சொல்வதைவிட, அங்கே கற்க வந்த அந்நியர்களின் பெயர்களைச் சொல்வது மேல். ஐரோப்பாவில் பனிக்காலம் வந்து பந்தயங்கள் நின்றவுடன், அங்குள்ள இளைஞர்கள் எம்.ஆர்.எப். டயர் நிறுவனத்தார் நடத்திய பந்தயங்களில் ஓடிப் பழக இங்கே வந்தார்கள். ஏழு தடவை உலக சாம்பியனான மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் அவர்களில் ஒருவர். அவர் 2021-ல் பார்முலா-1 பந்தயத்துக்கு உயர்ந்தார். இங்கிலாந்தின் ஜேமி சாட்விக் என்ற பெண்மணி, 2019 பிப்ரவரியில் இதே தளத்தில் ஓடி, எம்.ஆர்.எப். சாலஞ்ச் பட்டத்தை வென்ற முதல் பெண் என்ற புகழைப் பெற்றார். சீமைப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாக விளங்கும் இடம், பக்கத்து ஊர்ப் பிள்ளைகளுக்கு வேலிக்கு அப்பால் கேட்கும் இரைச்சலாக மட்டும் இருப்பது விசித்திரந்தான்.

பந்தயச் சாரதி எப்படி உருவாகிறான் என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். துணிச்சல் இருந்தால் போதும் என்ற எண்ணமே நமது சாலைகளில் இத்தனை விபரீதங்களுக்கும் மூலம். மேல்நாடுகளில் ஏழு அல்லது எட்டு வயதில் சிறுவனைக் கார்ட் என்னும் சிறு வண்டியில் ஏற்றுகிறார்கள். அதற்குக் கூரையில்லை, ஸ்பிரிங்கும் இல்லை. தரையிலுள்ள ஒவ்வொரு மேடுபள்ளமும் முதுகெலும்பில் தெரியும். டயர் எந்தக் கணத்தில் தரைப்பிடியை இழக்கிறது என்பதை ஆசனத்தின் வழியாக உடம்பே அறியக் கற்றுக்கொள்கிறது. இந்த அறிவு பதினெட்டு வயதுக்குமேல் வருவது அரிது. தாய்மொழியைப்போல் இளமையிலேயே வரவேண்டியது.

அதன்பின் பிரேக்கின் பாடம். அறியாதவர்கள், வேகமாக ஓட்டுவது என்றால் மிதியை அழுத்துவது என்று நினைக்கிறார்கள். பந்தயத்தில் நேரம் மிச்சப்படுவது திருப்பங்களில். நேர்வழியில் பிரேக்கைப் பலமாக அழுத்தி, வண்டி திரும்பத் தொடங்கும்போது அந்த அழுத்தத்தைச் சிறுகச் சிறுகத் தளர்த்த வேண்டும். அவ்விதம் செய்தால் வண்டியின் பாரம் முன் சக்கரங்களின் மேல் நின்று அவற்றுக்குப் பிடிப்பைத் தரும். சற்று முன்னதாக விட்டால் வண்டி திரும்பாமல் நேரே போகும். சற்றுப் பிந்தி விட்டால் பின்பக்கம் சுழன்றுவிடும். இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளி கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு பின்னம்.

இதை ஆசிரியர் வாயால் சொல்லிக் கற்பிப்பதோடு நிற்பதில்லை. வண்டியில் பொருத்திய கருவிகள் சக்கரங்களின் வேகம், பிரேக்கின் அழுத்தம், ஸ்டியரிங் திரும்பிய கோணம் ஆகியவற்றைக் கணந்தோறும் பதிவு செய்கின்றன. ஓட்டம் முடிந்ததும் மாணவனின் கோட்டையும், அவனைவிடத் தேர்ந்தவனின் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, எந்தத் திருப்பத்தில் எவ்வளவு நேரத்தை இழந்தான் என்று காட்டுகிறார்கள். சாக்குச் சொல்ல இடமில்லை. திருப்பங்களில் தலையின் பாரம் நாலைந்து மடங்காகி ஒரு பக்கம் இழுப்பதால் கழுத்துக்கென்று தனித் தேகப்பயிற்சி உண்டு. கடும் வெப்பத்தில் நடக்கும் பந்தயம் ஒன்றில் இரண்டு மூன்று கிலோ எடை வியர்வையாகப் போய்விடும். இவற்றோடு ஆகாரக் கட்டுப்பாடு, இயந்திர ஞானம், தோல்வியைத் தாங்கும் மனோதிடம், பத்திரிகைக்காரர்களுடன் பேசும் பக்குவம் எல்லாம் பாடத்திட்டத்தில் சேர்ந்தவை. (கடைசியிற் சொன்னதை நமது சட்டசபை அங்கத்தினர்களுக்கும் கற்பித்தால் நல்லது.)

கார்ட்டிலிருந்து பார்முலா-4, பிறகு 3, பிறகு 2 என்று படியேற வேண்டும். உச்சிப் படியான பார்முலா-1-ல் ஓட விசேஷ லைசென்ஸ் வேண்டும். அதற்கு 18 வயதும், முந்திய பந்தயங்களில் சேர்த்த 40 புள்ளிகளும் தேவை. ஒவ்வொரு படிக்கும் கூலி கோடிக்கணக்கான ரூபாய். சாதாரணக் குடும்பத்துப் பிள்ளை முதற்படியிலேயே நின்றுவிடுவான். ஆகவேதான் பெரிய கோஷ்டிகள் சிறுவர்களைத் தேடிப் பிடித்துத் தங்கள் செலவில் வளர்க்கின்றன. லூயிஸ் ஹாமில்டன் பத்து வயதுப் பையனாக இருந்தபோது, 1995-ல், ஒரு பரிசளிப்பு விழாவில் மக்லாரன் கோஷ்டித் தலைவரான ரான் டென்னிஸை அணுகி, உங்கள் வண்டியை ஒருநாள் ஓட்ட விரும்புகிறேன் என்று சொன்னார். அவருடைய தந்தை மகனுடைய கார்ட்டுக்காக ஒரே சமயத்தில் பல வேலைகள் பார்த்தவர். 1998-ல் பதின்மூன்று வயதுப் பையனாயிருந்த லூயிஸுடன் அந்தக் கோஷ்டி ஒப்பந்தம் செய்துகொண்டது. 2007-ல் பார்முலா-1-ல் இறக்கியது. 2008-ல் அவர் உலக சாம்பியன். மொத்தத்தில் ஏழு பட்டங்கள். ரெட்புல் கோஷ்டி இவ்விதமே செபாஸ்டியன் வெட்டலை வளர்த்து, நான்கு பட்டங்களை அடைந்தது. இதில் தயை தாட்சண்யம் கிடையாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்பார்த்த வேகம் வராத சிறுவனை வருஷ முடிவில் கைவிட்டுவிடுகிறார்கள். பதினேழு வயதில் படிப்பையும் விட்டு, பந்தயத்தையும் இழந்து நிற்கும் பிள்ளைகள் அந்நாடுகளில் பலர்.

நம்மவர் கதை வேறு விதம். பார்முலா-1-ல் ஓடிய முதல் இந்தியர் கோயம்புத்தூர் நாராயண் கார்த்திகேயன். அவருடைய தந்தை ஜி. ஆர். கார்த்திகேயன் தென்னிந்திய ராலிப் போட்டியை ஏழு தடவை வென்றவர். சுந்தரம் கரிவரதன் என்ற கோவைச் செல்வர், மாருதி காரின் எஞ்சினைக் கொண்டு உள்நாட்டிலேயே ஒற்றை ஆசனப் பந்தய வண்டியைச் செய்து, பார்முலா மாருதி என்ற பந்தயத்தை உண்டாக்கினார். 1995-ல் விமான விபத்தில் மாண்ட அந்த மனிதருக்கு நமது மோட்டார் பந்தயம் பட்ட கடன் பெரிது. நாராயணின் முதற் பந்தயம் அவ்வண்டியில், ஸ்ரீபெரும்புதூரில் நடந்தது. முதல் மூவரில் ஒருவராக வந்தார். 1992-ல், பதினைந்து வயதில், பிரான்சிலுள்ள வின்பீல்ட் பந்தயப் பள்ளிக்குச் சென்றார். 1994-ல் இங்கிலாந்தில் பார்முலா போர்டு பனிக்காலப் பந்தயத் தொடரை வென்றார். 1996-ல் பார்முலா ஆசியா சாம்பியன். 2001-ல் ஜாகுவார் கோஷ்டியின் பார்முலா-1 வண்டியைப் பரீட்சார்த்தமாக ஓட்டினார். 2005-ல்தான், டாட்டா போன்ற நிறுவனங்களின் ஆதரவுடன், ஜோர்டான் கோஷ்டியில் இடம் கிடைத்தது. அப்போது வயது 28. அவ்வருஷம் அமெரிக்கப் பந்தயத்தில், டயர்த் தகராறினால் ஆறே வண்டிகள் ஓட, நாலாவதாக வந்து ஐந்து புள்ளிகள் பெற்றார்.

அவருக்குப்பின் சென்னையின் கருண் சந்தோக். 2007-ல் பெல்ஜியத்தில் ஸ்பா தளத்தில் ஜி.பி.-2 பந்தயம் ஒன்றை வென்று, 2010-ல் பார்முலா-1-ஐ எட்டினார். அவருடைய பாட்டனார் இந்து சந்தோக் தேசிய மோட்டார் ஸ்போர்ட்ஸ் சம்மேளனத்தின் ஸ்தாபகர்களில் ஒருவர். தந்தை விக்கி சந்தோக் ராலிச் சாரதி. இருவருடைய ஆற்றலையும் நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இரண்டு பேருமே மோட்டார் எண்ணெயின் வாசனை வீசும் வீட்டில் பிறந்தவர்கள். கோஷ்டி தேடிப் பிடித்து வளர்த்த பிள்ளைகள் அல்லர், குடும்பம் வளர்த்தது. எண்ணூறு வீட்டிலும் எடையாத்தூர் வீட்டிலும் அதே கண்ணும் கையும் பிறந்திருந்தால் அவற்றை அறிந்திருக்கக் கூடியவர் யார்?

இந்தியர் ஒருவருக்கே பார்முலா-1-ல் சொந்தக் கோஷ்டி இருந்த காலத்தையும் நாம் மறக்கவில்லை. 2008 முதல் 2018 வரையில் போர்ஸ் இந்தியா என்ற பெயருடன், மூவர்ணம் தீட்டிய வண்டிகள் உலகெங்கும் ஓடின. 2011-ல் அந்தக் கோஷ்டி, நூறு கோடியில் ஒருவன் என்று பெயரிட்டுச் சிறுவர்களுக்குத் தேர்வு நடத்தியது. ஜெஹான் தாருவாலா, அர்ஜுன் மைனி, தருண் ரெட்டி என்ற மூவரைத் தேர்ந்தெடுத்தது. தேர்வு சரியானது என்பதற்குத் தாருவாலாவே சாட்சி. ரெட்புல் கோஷ்டியின் ஆதரவைப் பெற்று, 2020 டிசம்பரில் பஹ்ரைனில் பார்முலா-2 பந்தயத்தை வென்ற முதல் இந்தியர் ஆனார். ஆனால் போர்ஸ் இந்தியா நடந்த பத்து வருஷத்தில் ஒரே ஒரு பந்தயத்திலாவது இந்தியச் சாரதி அதன் வண்டியில் ஓடினாரா? இல்லை. 2018-ல் கோஷ்டி கடனில் மூழ்கிக் கைமாறியது. பெயரில் இந்தியா இருந்தது, ஆசனத்தில் இல்லை. இதைச் சொல்லும்போது நமக்குள்ள மனத்தாங்கலை நேயர்கள் பொறுத்தருள வேண்டும்.

அர்ஜுன் மைனியின் தம்பி பெங்களூர் குஷ் மைனி, பிரெஞ்சு ரெனோ குழுமத்தைச் சேர்ந்த ஆல்பைன் கோஷ்டியின் பயிற்சியில் சேர்ந்து, 2025 மே மாதம் மொனாக்கோவில் பார்முலா-2 பந்தயம் ஒன்றை வென்றார். செய்தியைக் கேட்டு மகிழ்ந்தோம். உள்நாட்டிலோ, 2023-ல் தொடங்கிய இந்தியப் பார்முலா-4 தொடரின் முதற் சாம்பியன் ஆஸ்திரேலியர். 2024-ன் சாம்பியன் தென்னாப்பிரிக்கர். சென்னைத் தீவுத் திடலைச் சுற்றி இத்தொடரின் இரவுப் பந்தயத்தை நடத்த ஏற்பாடாகி, 2023 டிசம்பரில் புயல் வெள்ளத்தால் ஒத்திப் போடப்பட்டது. சர்க்கார் பணம் செலவிடுவது முறையா என்று உயர் நீதிமன்றத்தில் வழக்கும் நடந்தது. கடைசியில் 2024 ஆகஸ்டு 31, செப்டம்பர் 1 தேதிகளில் நடந்தேறியது. வெளிநாட்டார் வந்து ஜயிப்பதில் நமக்கு அசூயை இல்லை. பலத்த எதிரியுடன் மோதினால்தான் நம்மவருக்கும் பலம் வரும். விளக்குகளுக்கும் தடுப்புச் சுவர்களுக்கும் செய்த செலவில் ஒரு சிறு பங்கு, கார்ட் ஓட்டப் பணமில்லாத சிறுவர்களுக்குப் போயிருக்கலாம் என்பதே நமது குறை.

இருசக்கர வண்டியில் நிலைமை சற்று மேல். ஓசூர் டி.வி.எஸ். நிறுவனத்தாரும், ஹோண்டா நிறுவனத்தாரும் தங்கள் வண்டிகளையே கொடுத்துச் சிறுவர்களுக்குப் பந்தயம் நடத்துகிறார்கள். வண்டியும் உடுப்பும் பயிற்சியும் கம்பெனியுடையவை. பையன் திறமையைக் கொண்டுவந்தால் போதும். அந்த வழியில் நடுத்தரக் குடும்பத்துச் சென்னைப் பிள்ளைகளும் ஆசியப் பந்தயங்கள் வரையில் சென்றிருக்கிறார்கள். ஆயினும் 2023 ஆகஸ்டு 5-ந் தேதி நடந்ததை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. அன்று இருங்காட்டுக்கோட்டைத் தேசியப் பந்தயத்தில், முதல் வரிசையில் நின்று புறப்பட்ட பெங்களூர்ச் சிறுவன் ஒருவன் முதல் திருப்பத்தின் அருகே விழுந்து, தலையில் அடிபட்டு இறந்துபோனான். வயது 13. எஞ்சிய பந்தயங்கள் ரத்தாயின. ஓடுதளத்தில் மருத்துவரும் ஆம்புலன்ஸும் இருந்தும் இது நேர்ந்தது. இளையோரை வளர்க்கிறோம் என்று சொல்லும் கோஷ்டிகளும் கிளப்புகளும், எந்த வயதில் எந்த வேகம் என்பதைப் பெற்றோரின் ஆர்வத்துக்கும் விளம்பரக்காரரின் அவசரத்துக்கும் விட்டுவிடாமல், வைத்தியர்களின் ஆலோசனைப்படி நிர்ணயித்து, அதைக் கண்டிப்பாக நடத்த வேண்டும். பதின்மூன்று வயதுப் பையனுக்குப் பெரிய எஞ்சின் எதற்கு? கார்ட்டில் நாலு சக்கரத்தின்மேல், தரையை ஒட்டி உட்கார்ந்து கற்கக்கூடிய பாடங்கள் அந்த வயதுக்கு ஏராளம்.

ஏழைப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு இதெல்லாம் ஆகிற காரியமா என்று சிலர் கேட்கலாம். அவர்கள் மாமல்லபுரத்துக் கடற்கரைக்கு ஒருநாள் போய் வரட்டும். அலைச்சறுக்கு என்ற விளையாட்டு முன்பு வெளிநாட்டுப் பிரயாணிகளுடைய வேடிக்கையாக மட்டும் இருந்தது. கோவளத்து மீனவர் மூர்த்தி மேகவன் தாமே கற்றுக்கொண்டு குப்பத்துப் பிள்ளைகளுக்குக் கற்பித்தார். பெரியவர்கள் சிறியவர்களுக்குக் கற்பித்தார்கள். மாமல்லபுரத்து மீனவக் குடும்பத்தில் பிறந்த கமலி மூர்த்தி தேசியப் போட்டிகளில் வென்று பேர் பெற்றாள். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியே மாமல்லபுரத்தில் நடந்தது. அதில் ரமேஷ் புதிஹால் வெண்கலப் பதக்கம் பெற்று, அப்போட்டியில் தனிநபர் பதக்கம் வென்ற முதல் இந்தியர் ஆனார். கடலுக்கு வாடகை இல்லை, பலகை ஒன்று போதும், மோட்டாருக்கு அப்படியா என்று கேட்டால் நியாயந்தான். பணத்தின் வித்தியாசம் பெரிது. ஆகவேதான் பணமுள்ளவர்களின் வாசலுக்கு நாம் போக வேண்டியிருக்கிறது.

அந்த வாசல்கள் தூரத்தில் இல்லை. 1998 முதல் கார்களைச் செய்துவரும் ஹூண்டாய் தொழிற்சாலை இருங்காட்டுக்கோட்டையிலேயே இருக்கிறது. சற்றுத் தெற்கே ஒரகடத்தில், குஷ் மைனிக்குப் பயிற்சியளித்த அதே ரெனோ குழுமத்தின் கார்கள் உருவாகின்றன. அங்கேயே ராயல் என்பீல்டு, டைம்லர் லாரி, அப்போலோ டயர், வல்லத்தில் யமஹா, செங்கற்பட்டுக்கு அருகே மஹிந்திராவின் ஆராய்ச்சிசாலை. இவர்கள் எல்லோரும் பந்தயத்தின் புகழைத் தங்கள் விளம்பரங்களில் உபயோகிக்கிறவர்கள். லாபத்தில் நூற்றுக்கு இரண்டு பங்கைச் சமூக நற்காரியங்களுக்குச் செலவிட வேண்டுமென்று கம்பெனிச் சட்டமும் விதித்திருக்கிறது. ஆலைக்கு இரண்டு கார்ட்டுகள் வீதம் கொடுத்தால் ஒரு பள்ளிக்கூடம் ஆகிவிடும். இருங்காட்டுக்கோட்டையில் கார்ட்டுக்கென்று தனித் தளமும் இருக்கிறது. செங்கற்பட்டு, மதுராந்தகம், திருக்கழுக்குன்றம் பள்ளிகளில் எட்டு முதல் பத்து வயதுள்ள சிறுவர் சிறுமியரை வருஷந்தோறும் பரீட்சித்து இருபது பேரை எடுத்தால் போதும். அவர்களில் ஒருவர் மேலே செல்வார். மற்றவர்கள் வீணாகமாட்டார்கள். ஒரு பந்தய வண்டிக்குப் பின்னால் இயந்திர நிபுணர்கள் பலர் வேண்டும், சென்னை ஐ.ஐ.டி. மாணவர்கள் ராஃப்தார் என்ற பெயரில் பந்தய வண்டியைத் தாங்களே செய்து, கோவைக் கரி ஓடுதளத்தில் நடக்கும் மாணவர் போட்டிகளுக்குக் கொண்டுபோகிறார்கள். தொழிற்பயிற்சிப் பள்ளி மாணவர்களையும் இதில் சேர்த்துக்கொள்ள எந்தத் தடையும் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை.

கடற்கரைச் சாலையில் பிடிபடும் வாலிபர்கள் விஷயத்தில் இன்னும் சுலபமான காரியம் ஒன்று உண்டு. பெங்களூர் ராஜபாட்டையில் ஒன்றரை மணிப் பிரயாணத்தில் இருக்கும் அந்தத் தளத்தில், மாதத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறைந்த கட்டணத்தில், தகுந்த ஆசிரியரும் ஆம்புலன்ஸும் வைத்து, லைசென்ஸ் பெற்ற வாலிபர்களை அவர்களுடைய சொந்த வண்டியிலேயே ஓட விட்டுக் கற்பிக்கலாம். பிரேக்கைத் தளர்த்தும் பாடத்தை அங்கே ஒருமுறை கற்றவனுக்கு, முட்டுக்காட்டில் லாரிக்கு முன்னால் தான் செய்துகொண்டிருந்தது என்னவென்று தானே விளங்கிவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை எது என்பதைக் கிளப்பாரும், செங்கற்பட்டுப் போலீஸ் இலாகாவினரும், விளையாட்டு அபிவிருத்தி ஆணையத்தாரும் கலந்து பேசி, இந்த மழைக்காலம் முடிவதற்குள் பொது ஜனங்களுக்குத் தெரிவிப்பார்களா?